எஞ்சின் மாற்றியபின் எழும் சத்தமும் எழுதித் தரப்படாத பொறுப்பும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை இருந்த இடைவெளியில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வான்களும் லொறிகளும் தங்கள் ஆயுளுக்கு மேலாகவே உழைத்தன. இறக்குமதி திறந்தபின்னரும், வரியோடு சேர்ந்த விலை சாதாரண வாடகை வான்காரரின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே எஞ்சின் தேய்ந்துபோனால் வாகனத்தை வைத்துக்கொண்டு எஞ்சினை மாற்றுவதே இங்கு வழக்கமாகிவிட்டது. யப்பானில் பாவித்துக் கழற்றப்பட்ட எஞ்சின் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ லொறியில் வந்து இறங்கும். உள்ளூர்க் கராச்சில் அதைப் பூட்டுவார்கள். வாகனம் மீண்டும் வீதிக்கு வரும். அப்படிப் பூட்டிய பல வாகனங்கள் ஆண்டுக்கணக்கில் குறையின்றி ஓடுகின்றன. ஆனால் சிலவற்றில் முன்னர் கேட்டிராத சத்தம் ஒன்று எழுகிறது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று ஒழுங்காகத் தேடிப் பாராமலே எஞ்சினைத் திறந்துவிடும் பழக்கத்தைப் பற்றியும், விற்றவருக்கும் பூட்டியவருக்கும் இடையில் அகப்பட்டு உரிமையாளர் படும் பாட்டைப் பற்றியும் தங்கள் பத்திரிகை வாயிலாக எழுத விரும்புகிறேன்.

உடுவிலில் வசிக்கும் நான் காலையிலும் மதியமும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். மற்ற நேரங்களில் பலாலி விமான நிலையத்துக்கும் கோயில்களுக்கும் கொழும்புக்கும் வாடகைக்கு ஓடுகிறேன். என்னுடையது ரொயோட்டா ஹையேஸ் வான். அதில் இருந்த 3எல் எனப்படும் 2.8 லீற்றர் டீசல் எஞ்சின் ஒயிலைக் குடித்துப் புகை தள்ளத் தொடங்கியதால், அதே வகை எஞ்சின் ஒன்றை வாங்கி நகரை அண்டிய ஒரு கராச்சில் பூட்டுவித்தேன். பூட்டிய கராச்சையோ விற்ற கடையையோ இங்கு பெயர் சொல்லிக் குறைகூறுவது என் நோக்கமன்று. எஞ்சின் முதல் திருப்பிலேயே உயிர்பெற்றது. இழுவையும் நன்றாக இருந்தது. சில நாட்களில், வண்டி நின்றபடி ஓடும்போது முன்சீற்றின் கீழிருந்து கனத்த தட்டல் சத்தம் ஒன்று கேட்கத் தொடங்கியது. சாவியைத் திருப்பி நிறுத்தும் கணத்தில், எஞ்சின் அடங்கும்போது, இரும்போடு இரும்பு மோதுவதுபோல் ஓர் ஓசை கூடுதலாக எழும். வேகம் பிடித்தால் தட்டல் மறைந்துவிடும்.

கராச்சில் காட்டியபோது, காது கொடுத்துக் கேட்ட சில நிமிடங்களிலேயே, "கொன்றொட் பெயாரிங் அடிக்குது அண்ணை, எஞ்சினைத் திறக்கத்தான் வேணும்" என்று தீர்ப்பாயிற்று. பிஸ்டனை எஞ்சினின் பிரதான சுழல்தண்டான கிராங்கோடு இணைக்கும் தண்டின் தாங்கியையே கொன்றொட் பெயாரிங் என்பார்கள். விற்ற கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, தாங்கள் ஓடவிட்டுக் காட்டித்தான் அனுப்பியதாகவும், பூட்டிய பிழைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும், எஞ்சினின் முத்திரை உடைத்துத் திறக்கப்பட்டால் உத்தரவாதம் செல்லாது என்றும் பதில் வந்தது. திறந்து பார்த்தால்தான் பிழை யாருடையதென்று தெரியும் என்கிறார் ஒருவர். திறந்தால் எதுவும் தரமாட்டோம் என்கிறார் மற்றவர். குடாநாட்டில் எஞ்சின் மாற்றிய எத்தனையோ பேர் இதே முட்டுச்சந்தில் நின்றிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

வடமராட்சியில் தொழிலிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கிவிட்ட முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் செய்ததை ஒவ்வொன்றாக இங்கு சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் பாவித்தவை ஒரு ஸ்பானரும் நீண்ட ஸ்குறூ டிரைவரும் மாத்திரமே. எந்தக் கராச்சிலும் எவரும் செய்யக்கூடிய சோதனைகள் அவை.

முன்சீற்றைத் தூக்கி எஞ்சின் மூடியைத் திறந்தபின், எஞ்சினை ஓடவிட்டு, டீசலை உள்ளே பீச்சும் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் போகும் டீசல் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி மீண்டும் இறுக்கினார். தளர்த்தப்பட்ட சிலிண்டரில் எரிதல் நிற்கிறது; அந்தப் பிஸ்டனை அழுத்தும் விசையும் இல்லாமற்போகிறது. கொன்றொட் பெயாரிங் தேய்ந்து அடிப்பதாக இருந்தால், அந்தச் சிலிண்டரின் முறை வரும்போது தட்டல் குறைய வேண்டும், அல்லது தெளிவாக மாற வேண்டும். நான்கில் எதிலும் சத்தம் மாறவில்லை. அடுத்து என்னைச் சாரதி ஆசனத்தில் இருத்திக் கிளச்சை மிதிக்கச் சொன்னார். மிதித்ததும் தட்டல் அடங்கியது. விட்டதும் திரும்பி வந்தது. அதோடு அவர் முடிவுக்கு வந்துவிடவில்லை. கிளச்சை மிதிக்கும்போது அதன் விசை கிராங்கை முன்பக்கமாகத் தள்ளுகிறது. கிராங்கின் முன்பின் அசைவைத் தடுக்கும் வளையங்கள் தேய்ந்திருந்தாலும் சத்தம் இப்படி மாறக்கூடும். ஆகவே அவர் முன்பக்கம் போய்க் குனிந்து, கிராங்கின் புளியை (பெல்ட் ஓடும் சக்கரத்தை)ப் பார்த்துக்கொண்டு, என்னைத் திரும்பத் திரும்ப மிதிக்கச் சொன்னார். புளி கண்ணுக்குத் தெரியும்படி அசையவில்லை. "எஞ்சினுக்கு ஒண்டும் இல்லைத் தம்பி. கியர் பொக்ஸை இறக்கிப் பாருங்கோ, பிளைவீல் ஆடுது" என்றார்.

கியர் பொக்ஸை இறக்கியபோது, கிராங்கின் பின்முனையில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்களிற் சில விரலாலேயே திரும்பின. பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய அதே போல்ட்கள், புரிகளில் ஒயிலும் கறுத்த அழுக்கும் படிந்தபடியே மீண்டும் பூட்டப்பட்டிருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த இரும்பு, அசைந்து அசைந்து கண்ணாடிபோல் மினுங்கியது. புதிய போல்ட்கள் போட்டு, உரிய முறுக்குவிசையில் குறுக்கு ஒழுங்கில் இறுக்கி, கியர் பொக்ஸை ஏற்றிய பிறகு சத்தம் அற்றுப்போனது. எஞ்சினைத் திறந்திருந்தால் நல்ல பெயாரிங்குகள் கழற்றப்பட்டிருக்கும்; உத்தரவாதமும் போயிருக்கும்; கியர் பொக்ஸ் எப்படியும் இறக்கப்படுவதால் மீண்டும் பூட்டும்போது போல்ட்கள் சரியாக இறுக்கப்பட்டு, பெயாரிங் மாற்றியதாலேயே சத்தம் நின்றதென்று எல்லோரும் நம்பியிருப்போம். இந்தக் கடைசிச் சாத்தியமே என்னை மிகவும் உறுத்துகிறது. பிழையான நோய்நிர்ணயம் இப்படித்தான் அனுபவமாக மாறி அடுத்த வண்டிக்கும் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹையேஸ் வானில் எஞ்சின் முன்சீற்றுகளின் கீழேயே இருக்கிறது. தளர்ந்த பிளைவீல் முற்றாகக் கழன்றால், சுழலும் அந்தக் கனத்த இரும்பு தன் உறையை உடைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். அதற்கு வெகு அருகில் சாரதியின் கால்களும் முன்னால் அமரும் பிள்ளையின் கால்களும் இருக்கின்றன. "சத்தம்தானே, ஓடி ஓடிச் சரிவரும்" என்று சொல்லப்படும் அறிவுரையை எந்த வான்காரரும் ஏற்கக்கூடாது. காரணம் அறியாத கனத்த தட்டலுடன் பிள்ளைகளை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. வேறெவருக்கும் சம்மதமாக இருக்கக்கூடாது.

எஞ்சின் மாற்றியபின் எழும் சத்தங்களில் ஒரு பெரும்பகுதி, எஞ்சினுக்கு வெளியே, கழற்றிப் பூட்டக் கைபட்ட இடங்களிலிருந்தே எழுகிறது. எஞ்சினையும் கியர் பொக்ஸ் உறையையும் நேர்கோட்டில் நிறுத்தும் சிறிய உருளை ஊசிகள் பழைய எஞ்சினிலேயே தங்கிவிட்டால், போல்ட்கள் மட்டும் அந்த நேர்த்தியைத் தரமாட்டா. கியர் பொக்ஸின் உள்தண்டு சற்றுக் கோணலாகச் சுழன்று இரைச்சலையும் கிளச் உதறலையும் தரும். உறையின் கீழ்த்தகடு வளைந்து பிளைவீலை உரசினால், வேகத்தோடு கூடும் கீச்சொலி கேட்கும். ஓட்டோ கியர் வாகனமாயின், கிளச்சுக்குப் பதிலாக எண்ணெயால் விசை கடத்தும் ரோர்க் கொன்வேர்ட்டர் தன் இடத்தில் முழுதாக அமராமல் போல்ட்டால் இழுத்துப் பூட்டப்படும்போது கியர் பொக்ஸின் எண்ணெய்ப் பம்பியே நொறுங்கிவிடலாம். பிளைவீலுக்குப் பதிலாக அதில் இருக்கும் மெல்லிய பிளெக்ஸ் தகடு வெடித்திருந்தால் அதன் தட்டல் கொன்றொட் அடிப்பதை அப்படியே ஒத்திருக்கும். மவுண்டிங் ரப்பர் பிழையான வகையாக இருந்தால் புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் மோதல் ஓசை வரும். சைலன்சர்க் குழாய் சட்டகத்தில் முட்டினால் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் உதறும். எஞ்சினின் புகை வெளியேறும் மனிபோல்ட்டின் கஸ்கட் (இடையடைப்பு) ஒழுகினால், குளிர்ந்த எஞ்சினில் "டிக் டிக்" என்று கேட்டுச் சூடேறியதும் குறையும். வால்வுச் சத்தமென்று பலரும் மயங்குவது இதில்தான்.

சத்தத்தின் தாளமும் வழி காட்டும். நான்கடிப்பு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்றே சுற்றுகிறது. நிமிடத்துக்கு 700 சுற்றில் எஞ்சின் நின்றோடும்போது, ஒரு வால்வின் தட்டல் வினாடிக்கு ஏறக்குறைய 6 தடவை விழும். கிராங்கோடு சேர்ந்து சுழலும் ஒன்றின் தட்டல் ஏறக்குறைய 12 தடவை விழும். பழகிய காதுக்கு இந்த இரட்டிப்பு எளிதில் பிடிபடும். நீண்ட ஸ்குறூ டிரைவரின் நுனியை இரும்பில் வைத்துக் கைபிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டால், சத்தம் மேலே தலைப்பகுதியிலா, கீழே கிராங்கருகிலா, பின்னே உறையிலா என்பது தெளிவாகும். சுழலும் விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையையும் உடையையும் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வெளிப்பெல்ட்களைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குக் குறைவாக எஞ்சினை ஓடவிட்டால், ஒல்டனேற்றர், ஏசி கொம்பிரசர், பவர் ஸ்டியரிங் பம்பி ஆகியவற்றின் பெயாரிங்குகள் சந்தேகத்திலிருந்து நீங்கும், அல்லது பிடிபடும். தண்ணீர்ப் பம்பியையும் அதே பெல்ட் சுழற்றும் எஞ்சின்களில் அதற்குமேல் ஓடவிடலாகாது.

கிளச் மிதி இன்னும் பலவற்றைச் சொல்லும். நியூட்ரலில் மிதியை விட்டிருக்கும்போது கேட்கும் இரைச்சல் மிதித்ததும் நின்றால் கியர் பொக்ஸ் உள்தண்டின் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போது மட்டும் எழுந்தால் கிளச் ரிலீஸ் பெயாரிங்கைப் பார்க்க வேண்டும். ஒயில் அமுக்கத்தை மானி பூட்டி அளப்பதும், ஒயில் வடிகட்டியை வெட்டி விரித்து அதன் தாளில் செம்பு நிறத் துகளோ வெள்ளை உலோகச் செதில்களோ உண்டா என்று பார்ப்பதும் எஞ்சினைத் திறக்காமலே அதன் உட்புறத்தைக் காட்டிவிடும். சூடேறியபின் அமுக்கம் விழுந்து, வடிகட்டியில் உலோகமும் மினுங்கினால், அப்போது எஞ்சினைத் திறப்பதில் எவருக்கும் ஆட்சேபனை இருக்க முடியாது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்திப் பார்க்கும் சோதனை, 3எல் போன்ற பழைய பம்பி முறை எஞ்சின்களுக்கு மட்டுமே உரியது. இப்போது வரும், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரமுக்கக் குழாயிலிருந்து டீசல் போகும் கொமன் ரெயில் எஞ்சின்களில் குழாய்க்குள் இருக்கும் அமுக்கம் 1,000 பாருக்கும் (வளியமுக்கத்தின் ஏறக்குறைய ஆயிரம் மடங்குக்கும்) மேலே போகும். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து கையையே இழக்கச் செய்யும். அத்தகைய எஞ்சின்களில் இச்சோதனையைக் கணினிக் கருவி மூலம் இன்ஜெக்டரை நிறுத்தித்தான் செய்ய வேண்டும்.

நம் மெக்கானிக்குகளுக்குத் திறமை போதாது என்று நான் சொல்ல வரவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில், கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓஸ்டின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓடவைத்த கைகள் இந்த மண்ணின் கைகளே. உதிரிப்பாகம் கிடைக்காத அந்நாட்களில், கழற்றுவதற்கு முன் நன்றாக யோசித்தேயாக வேண்டியிருந்தது. இன்று வேலை குவிந்து கிடக்கிறது. திங்கட்கிழமை காலையில் பாடசாலைக்கு வண்டி வேண்டுமென்று என்னைப்போன்ற உரிமையாளர்களே அவசரப்படுத்துகிறோம். தேடுவதற்குச் செலவாகும் நேரத்துக்குக் கூலி கேட்டால் கொடுக்க மனம் வருவதில்லை, பாகம் மாற்றியதற்குக் கேட்டால் கொடுத்துவிடுகிறோம். நோய்நிர்ணயத்துக்கென்று தனிக்கூலி நிர்ணயித்து முன்கூட்டியே சொல்லும் வழக்கம் கராச்களில் வர வேண்டும். உரிமையாளர்களும் அதை மறுப்பின்றிக் கொடுக்க வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் யாழ்ப்பாணத்தின் தொழில்நுட்பக் கல்லூரியும் ஏனைய பயிற்சி நிலையங்களும், தேசிய தொழிற்தகைமைப் பயிற்சிகளோடு, தொழிலில் ஏற்கனவே இருப்பவர்களுக்கு வார இறுதியில் சத்த நிர்ணயம் பற்றிய குறுகிய பயிற்சியொன்றை நடத்துவதைப் பரிசீலிக்க வேண்டும். வேண்டுமென்றே போல்ட் தளர்த்திய எஞ்சின், தேய்ந்த பெயாரிங் போட்ட எஞ்சின், ஒழுகும் கஸ்கட் உள்ள எஞ்சின் ஆகியவற்றை அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்கச் செய்தால், புத்தகத்தில் பல பக்கங்கள் படித்தும் பிடிபடாதது ஒரே பகலில் காதுக்குப் பிடிபடும்.

விற்பவரும் பூட்டுபவரும் உரிமையாளரும் ஒப்பமிடும் ஒரு தாள் இதற்கெல்லாம் முன்னதாக வேண்டும். எஞ்சின் இலக்கம், வாங்கிய திகதி, உத்தரவாதக் காலம், எந்தெந்தப் பாகங்கள் அதனுள் அடங்கும் என்பன அதில் இருக்க வேண்டும். பூட்டுவதற்கு முன் எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றப்பட்டவை எவை (ரைமிங் பெல்ட், முன்பின் ஒயில் சீல்கள், தண்ணீர்ப் பம்பி, கிளச் தட்டு), பழைய எஞ்சினிலிருந்து எடுத்துப் போடப்பட்டவை எவை, பிளைவீல் போல்ட்கள் புதியவையா, நேர்நிறுத்தும் ஊசிகள் இருந்தனவா, எந்த முறுக்குவிசையில் இறுக்கப்பட்டன என்பனவும் எழுதப்பட வேண்டும். சத்தம் எழுந்தால், எஞ்சினைத் திறப்பதற்கு முன் என்னென்ன சோதனைகள் செய்யப்பட்டன, அவற்றில் என்ன தெரிந்தது என்பதை அதே தாளின் பின்பக்கத்தில் கராச் எழுதி, சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து, விற்றவருக்கு அனுப்பிப் பதில் பெற வேண்டும். மேற்சொன்ன சோதனைகளுக்குப் பின்னரும் எஞ்சினுக்குள்ளேதான் பிழை என்று காட்டப்பட்டால், கராச் அதைத் திறப்பதால் உத்தரவாதம் கெடாது என்ற ஒரு வரியும் அதில் இருப்பது நியாயம்.

பற்றுச்சீட்டில் "எஞ்சின் 1" என்று மட்டும் எழுதிக் கொடுப்பதை உரிமையாளர்கள் ஏற்றுக்கொள்ளாதிருக்க வேண்டும். எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு, பிற்காலத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடவும் உதவும். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிக்கொள்ளவும் அது தேவை. இலக்கத்தை மாற்றாமல் ஓடும் வாகனங்கள், விற்கும்போதும் விபத்தொன்றில் காப்புறுதி கோரும்போதும் சிக்கலுக்குள்ளாகின்றன.

குடாநாட்டின் வாகனத் திருத்துநர் சங்கங்களும் தனியார் வான், பேருந்து உரிமையாளர் சங்கங்களும் ஒன்றுகூடி இந்தத் தாளின் மாதிரியொன்றைத் தமிழில் தயாரித்து எல்லாக் கராச்களுக்கும் வழங்க முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் தயாரிக்கும் மாதிரியைத் தங்கள் பத்திரிகை வெளியிட்டு உதவுமாயின், தனித்தனியே வண்டி வைத்திருப்போரும் அதை வெட்டி எடுத்துப் பாவிக்க முடியும்.

இங்ஙனம்,
வான் உரிமையாளர் ஒருவர்,
உடுவில்.